கில்கென்னி கமோகி: கிளப் சாம்பியன்ஷிப் பட்டியலை எண்ணினால் போதுமா?

கேள்வி | 6 செப்டம்பர் 2025

அயர்லாந்தில் ஹர்லிங் என்ற மட்டைப்பந்து ஆட்டத்தின் பெண்கள் வடிவம்தான் கமோகி. அங்குள்ள கில்கென்னி கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) மகளிர் கமோகி கிளப் சாம்பியன்ஷிப்புக்கு ஆண்டுவாரியாக ஒரு வெற்றியாளர் பட்டியல் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். கவுண்டி அணி முதன்முதலில் அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கியது 1974இல். ஆனால் அதே கவுண்டியின் செயின்ட் பால்ஸ் கிளப், அகில அயர்லாந்துக் கிளப் பட்டத்தை 1968, 1969, 1970 என்று தொடர்ந்து மூன்று முறை அதற்கு முன்பே வாங்கிவிட்டது. அப்படியானால் ஒரு கவுண்டியின் பலத்தை அளக்க கிளப் சாம்பியன்ஷிப்தானே சரியான அளவுகோல்? யார் எத்தனை பட்டம் என்று எண்ணி வரிசைப்படுத்தினால் வேலை முடிந்துவிடும் அல்லவா?

குறிப்பு 1 | 6 செப்டம்பர், இரவு

முடியாது. பட்டியலில் ஒரே போட்டி போலத் தெரிவது உண்மையில் மூன்று நான்கு வெவ்வேறு ஆட்டங்கள். 1970இல் வாங்கிய பட்டமும் 2010இல் வாங்கிய பட்டமும் ஒரே பெயரில் இருக்கின்றன. ஆடிய விதம் ஒன்றல்ல.

முதலில் ஏணியைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். கவுண்டிக்குள் கிளப்புகள் சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று தரம் பிரிக்கப்பட்டு ஆடுகின்றன. சீனியர் சாம்பியன் மாகாணக் கிளப் போட்டிக்குப் போகும். கில்கென்னி என்றால் லென்ஸ்டர் மாகாணம். மாகாணத்தை வென்றால் அகில அயர்லாந்து அரையிறுதி. கனாக்ட் மாகாணத்தில் மட்டும் சீனியர் தரத்தில் கால்வேக்கு எதிராள் இல்லாததால், கால்வே சாம்பியன் நேராக அரையிறுதியில் நிற்கும். ஒரு கிளப் எவ்வளவு தூரம் போனது என்று ஒப்பிடும்போது இதை மறக்கக் கூடாது. கில்கென்னி கிளப்புக்கு லென்ஸ்டரில் வெக்ஸ்ஃபர்டும் டப்ளினும் குறுக்கே நிற்கும். கால்வேயில் கடினமான ஆட்டம் எல்லாம் கவுண்டிக்குள்ளேயே முடிந்துவிடும்.

அகில அயர்லாந்துக் கிளப் போட்டி தொடங்கியது 1964இல். முதல் பட்டம் டப்ளினின் செல்டிக் கிளப்புக்கு. அதற்கு முந்தைய கவுண்டி சாம்பியன்கள் எவ்வளவு பெரிய அணியாக இருந்தாலும் கவுண்டி எல்லையோடு சரி. ஆகவே 1964ஐ உங்கள் பட்டியலில் ஒரு தடித்த கோடாகப் போட்டுவிடுங்கள்.

குறிப்பு 2 | 7 செப்டம்பர்

மற்ற கோடுகள்.

கமோகியின் முதல் பொது ஆட்டம் 1904 ஜூலை 17இல் மீத் கவுண்டியின் நேவனில் நடந்தது. கமோகிக்கான அமைப்பு அடுத்த ஆண்டு உருவானது, மாரி நீ கின்னெய்டெ தலைவராக. கவுண்டி அணிகளுக்கான அகில அயர்லாந்துப் போட்டி 1932இல்தான் தொடங்குகிறது.

1929 முதல் 1979 வரை கோல் கம்பங்களுக்கு இடையே இரண்டு குறுக்குக் கம்பிகள். கீழ்க் கம்பிக்குக் கீழே போனால் கோல், மதிப்பு 3. இரண்டு கம்பிகளுக்கும் நடுவே போனால் பாயிண்ட், மதிப்பு 1. மேல் கம்பிக்கு மேலே பறந்தால் ஒன்றுமில்லை. ஹர்லிங்கில் எவ்வளவு உயரத்தில் போனாலும் பாயிண்ட்தான். இங்கே ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குள் அடக்கி அடிக்க வேண்டும். தூரத்திலிருந்து தூக்கி அடிப்பவளுக்கு அந்தக் காலத்தில் பலன் குறைவு. பந்தைக் கோல் அருகே கொண்டுபோய் முடிப்பவளுக்குத்தான் மதிப்பு.

இன்னொரு கோடு 1999. அதுவரை ஒரு பக்கம் 12 பேர், சிறிய மைதானம். அந்த ஆண்டிலிருந்து 15 பேர், முழு மைதானம்: நீளம் 130 முதல் 145 மீட்டர், அகலம் 80 முதல் 90 மீட்டர். கவுண்டி அணிகளின் அகில அயர்லாந்து ஃபைனல் முதன்முறையாக 15 பேருடன் நடந்தபோது டிப்பரரி 0-12, கில்கென்னி 1-8 (முதல் எண் கோல், இரண்டாவது பாயிண்ட்; அதாவது 12க்கு 11). கில்கென்னி ஒரே பாயிண்டில் தோற்றது; டிப்பரரிக்கு அதுதான் முதல் பட்டம்.

குறிப்பு 3 | 7 செப்டம்பர், சிறிது நேரம் கழித்து

12க்கும் 15க்கும் உள்ள வித்தியாசம் கவுண்டி அணிக்குப் பெரிதல்ல. தேர்ந்தெடுக்க ஆள் இருக்கிறது. கிளப்புக்கு அது வாழ்வா சாவா. ஒரு சிறு பேரிஷில் (தேவாலய வட்டாரத்தில்) விளையாடக்கூடிய பெண்கள் 14 பேர் என்று வையுங்கள். 12 பேர் ஆட்டத்தில் அவர்கள் இரண்டு மாற்று வீராங்கனைகளோடு முழு அணி. 15 பேர் ஆட்டத்தில் அவர்களால் முழு அணியாகக் களமிறங்கவே முடியாது. பள்ளி முடித்த பெண் படிக்க டப்ளின் போய்விட்டால், ஒருத்திக்குக் குழந்தை பிறந்தால், ஒருத்திக்கு முழங்கால் போனால் கணக்கு இன்னும் மோசமாகும். அப்போது பக்கத்து பேரிஷோடு சேர்ந்து ஒரே அணியாக ஆடுவது, அல்லது தரம் இறங்குவது, அல்லது கிளப்பை மூடுவது என்று மூன்றே வழி. 1999க்குப் பின் பட்டியலிலிருந்து ஒரு பெயர் மறைந்தால், அது தோற்று ஒதுங்கியதா, ஆள் இல்லாமல் கரைந்ததா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

12 பேர் ஆட்டத்தில் ஒரே ஒரு அசாதாரண வீராங்கனையின் பங்கும் அதிகம். ஆஞ்சலா டவுனியைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது. ஆஞ்சலாவும் இரட்டைச் சகோதரி ஆனும் கில்கென்னிக்கு ஆளுக்கு 12 அகில அயர்லாந்துப் பதக்கம் வென்றவர்கள். கிளப்பில் செயின்ட் பால்ஸ், பிறகு லிஸ்டவுனி. 1994இல் லிஸ்டவுனி அகில அயர்லாந்துக் கிளப் பட்டத்தை வாங்கியபோது கிளப்பின் பெயர்தான் புதிது. மையத்தில் நின்றவர்கள் இவர்கள். பட்டியலில் செயின்ட் பால்ஸ் சரிந்து லிஸ்டவுனி எழுந்ததாகத் தெரியும் இடத்தில் ஆட்கள் எங்கிருந்து எங்கே போனார்கள் என்பதையும் ஒரு வரியில் குறித்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு 4 | 9 செப்டம்பர்

கேட்டவரின் மூலக் கூற்றுக்கு வருகிறேன். கிளப் பலம் கவுண்டி பலத்தைக் காட்டுமா? செயின்ட் பால்ஸின் எட்டு அகில அயர்லாந்துப் பட்டங்களை எடுத்து வைத்துப் பாருங்கள்: 1968, 1969, 1970, 1974, 1976, 1987, 1988, 1989.

கில்கென்னி கவுண்டி அணி வென்ற ஆண்டுகள்: 1974, 1976, 1977, 1981, 1985 முதல் 1991 வரை தொடர்ந்து ஏழு, பிறகு 1994.

எட்டில் ஐந்து, கவுண்டியும் வென்ற அதே ஆண்டுகள். மற்ற மூன்றும் கவுண்டியின் முதல் பட்டத்துக்கு முந்தையவை. 1994இல் லிஸ்டவுனியும் கவுண்டியும் ஒரே ஆண்டில். கில்கென்னியை மட்டும் பார்த்தால் கேட்டவர் சொல்வது பொருந்துகிறது: கிளப் முன்னே போய்ப் பாதை போட்டது, கவுண்டி அதன் பின்னால் வந்தது.

வாசகர் மறுப்பு | 9 செப்டம்பர்

வெக்ஸ்ஃபர்டைப் பாருங்கள். பஃபர்ஸ் ஆலி 1979இல் ஒன்று, 1981 முதல் 1984 வரை தொடர்ந்து நான்கு. அந்தக் காலத்தில் வெக்ஸ்ஃபர்ட் கவுண்டி அணி என்ன செய்தது?

குறிப்பு 5 | 10 செப்டம்பர்

நல்ல மறுப்பு. வெக்ஸ்ஃபர்ட் 1968, 1969, 1975இல் வென்றது, அடுத்தது 2007. பஃபர்ஸ் ஆலியின் ஐந்து பட்டங்களும் அந்த 32 ஆண்டு வறட்சிக்கு நடுவே விழுகின்றன. 1995இல் ரத்நூர் வென்றதும் அதே வறட்சியில்தான்.

கில்கென்னியிலேயே இன்னொரு உதாரணம் இருக்கிறது. 1994க்குப் பின் கவுண்டி அணிக்கு 2016 வரை பட்டமே இல்லை. அந்த இடைவெளியில்தான் செயின்ட் லாக்டன்ஸ் 2004, 2005, 2006 என்று தொடர்ந்து மூன்று அகில அயர்லாந்துக் கிளப் பட்டம் வாங்கியது.

வடக்கே டெர்ரி கவுண்டியின் ஸ்லாட்நீல் இன்னும் கூர்மையான உதாரணம். 2017, 2018, 2019 ஆகிய மூன்று மார்ச் மாதங்களிலும் அகில அயர்லாந்துக் கிளப் ஃபைனலை வென்றது. முதல் இரண்டில் கால்வேயின் சார்ஸ்ஃபீல்ட்ஸை, மூன்றாவதில் வெக்ஸ்ஃபர்டின் செயின்ட் மார்ட்டின்ஸை. டெர்ரி கவுண்டி அணிக்கு இன்றுவரை சீனியர் அகில அயர்லாந்துப் பட்டம் ஒன்றுகூட இல்லை.

ஒரு கிளப் மட்டும் உயர்ந்து நின்றால் கவுண்டிக்கு ஆறு ஏழு நல்ல ஆட்டக்காரிகள் கிடைப்பார்கள், மீதி இடங்கள் பலவீனமாகவே இருக்கும். கால்வேயில் ஓரன்மோர் 1973, அதென்ரை 1977, மல்லா 1991, பிறகு பியர்சஸ், கிலிமோர், சார்ஸ்ஃபீல்ட்ஸ் என்று ஆறு வெவ்வேறு கிளப்புகள் அகில அயர்லாந்துப் பட்டம் வாங்கியிருக்கின்றன. கவுண்டி அணியும் 1996இல் தொடங்கி 2013, 2019, 2021, 2025 என்று வந்து சேர்ந்துவிட்டது. ஒரு கிளப் எத்தனை முறை வென்றது என்பதைவிட, பத்து ஆண்டில் எத்தனை வெவ்வேறு கிளப்புகள் கவுண்டி ஃபைனலுக்கு வந்தன என்பதுதான் கவுண்டியின் பலத்தைச் சொல்லும். ஆகவே உங்கள் அட்டவணையில் வெற்றியாளருக்குப் பக்கத்தில் இரண்டாமிடம் பிடித்த அணிக்கும் ஒரு பத்தி (நெடுவரிசை) கட்டாயம் வேண்டும். தொகுப்பவர்கள் பெரும்பாலோர் விட்டுவிடுவது அதைத்தான்.

குறிப்பு 6 | 10 செப்டம்பர், இரவு

குறிப்பு 5இல் ஒரு நிபந்தனை சேர்க்க வேண்டும். ஸ்லாட்நீல் பெண்கள் கமோகி மட்டும் ஆடும் தனிக் கிளப் அல்ல. 2016இல் அதே ஊர் ஹர்லிங், ஆண்கள் கால்பந்து, கமோகி மூன்றிலும் அல்ஸ்டர் மாகாணப் பட்டம் வாங்கியது. ஒரு பேரிஷே மைதானம், பயிற்சி நேரம், ஆட்களைப் பங்கிட்டுக்கொள்ளும் ஒழுங்கு என்று எல்லாவற்றையும் ஒரே குடும்பமாக நடத்தும்போது, கவுண்டி வாரியம் பலவீனமாக இருந்தாலும் கிளப் தாக்குப்பிடிக்கும்.

பல கவுண்டிகளில் நிலைமை அப்படி இல்லை. கமோகி ஒரு அமைப்பு, மகளிர் கேலிக் கால்பந்து வேறொரு அமைப்பு. ஆடுவதோ அதே பெண்கள். இரண்டு வாரியங்களும் பேசிக்கொள்ளாமல் அட்டவணை போட்டால் ஒரே சனி, ஞாயிறில் இரண்டு சாம்பியன்ஷிப் ஆட்டம் வந்து நிற்கும். ஒன்றைத் தள்ளிவைத்தால் அந்தக் குரூப்பின் மற்ற ஆட்டங்களும் நகரும். செப்டம்பரில் முடிய வேண்டிய குரூப் சுற்று அக்டோபருக்குள் வழியும். மாகாணப் போட்டிக்குச் சாம்பியன் பெயரைக் கொடுக்க வேண்டிய தேதி நெருங்கும்போது அரையிறுதிக்கும் ஃபைனலுக்கும் நடுவே ஒரு வாரம்கூட மிஞ்சாது. இதற்கு ஈடு கொடுப்பது ஆட்டக்காரிகளின் முழங்காலும் தொடைத்தசையும். இதைச் சரிசெய்யாமல் கிளப் கமோகியை வளர்க்கிறோம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

குறிப்பு 7 | 13 செப்டம்பர்

இப்போது தொகுக்கும் வேலை. பட்டியலை மேலிருந்து கீழாக நிரப்புங்கள்.

அகில அயர்லாந்துக் கிளப் பட்டம் வாங்கிய கிளப் அந்தப் பருவத்தின் கவுண்டி சாம்பியனாகத்தான் இருந்திருக்கும். ஆக, 1964க்குப் பிந்தைய பல ஆண்டுகள் தாமாகவே நிரம்பிவிடும். அடுத்து லென்ஸ்டர் கிளப் சாம்பியன்கள், ஃபைனலிஸ்டுகள். இதிலும் கிடைக்காத ஆண்டுகளுக்குத்தான் செய்தித்தாள். கில்கென்னிக்கு முதலில் உள்ளூர் வார இதழான கில்கென்னி பீப்பிள். நாடு தழுவியதில் ஐரிஷ் பிரஸ். 1931 முதல் 1995 வரை வெளிவந்தது. அதற்குப் பிறகு கவுண்டி வாரியத்தின் ஆண்டறிக்கை, ஃபைனல் அன்று விற்ற புரோகிராம், பதக்கத்தின் பின்பக்க எழுத்து. பதக்கத்தில் ஆண்டு பொறித்திருந்தாலும் அது பருவத்தின் ஆண்டா, ஃபைனல் நடந்த ஆண்டா என்று சரிபார்க்காமல் எழுதாதீர்கள்.

ஆண்டுக் குழப்பம்தான் இந்த வேலையில் மிகப் பெரிய பொறி. 2010களில் அகில அயர்லாந்துக் கிளப் ஃபைனல் அடுத்த ஆண்டு மார்ச்சில் நடந்தது. ஸ்லாட்நீலின் முதல் பட்டம் 2016 பருவத்துடையது, ஆட்டம் 2017 மார்ச்சில். ஓரிடத்தில் 2016 என்றும் இன்னோரிடத்தில் 2017 என்றும் இருக்கும். இரண்டையும் தனித்தனிப் பட்டமாக எண்ணினால் மூன்று நான்காகிவிடும். கொரோனா காலத்தில் இன்னும் சிக்கல்: 2020 பருவத்தின் ஃபைனல் 2021 டிசம்பரில் நடந்தது. ஆகவே இரண்டு பத்தி வையுங்கள்: பருவம் ஒன்று, ஆட்ட நாள் ஒன்று. ஒரே பத்தியில் அடக்க முயன்ற பட்டியல் எதுவும் தேறியதில்லை.

குறிப்பு 8 | 13 செப்டம்பர், தொடர்ச்சி

ஸ்கோர் பதிவு. எக்செல்லில் 3-8 என்று அடித்தால் அது தேதியாக மாறிவிடும். 1974 கில்கென்னி - கார்க் ஃபைனல் முதல் நாள் 3-8, 4-5. இரண்டுமே 17, சமன். மறு ஆட்டம் 3-3, 1-5. அதாவது 12க்கு 8, கில்கென்னிக்கு முதல் பட்டம். இந்த நான்கு ஸ்கோரையும் எக்செல் தேதியாக்கிவிடும். ஆனால் 1999இன் 0-12ஐத் தொடாது, பூஜ்ய மாதம் கிடையாது என்பதால். பத்தியில் பாதி சரியாகவும் பாதி கெட்டும் கிடக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் கண்ணில் படாது. ஒட்டுவதற்கு முன்பே பத்தியை டெக்ஸ்ட் வடிவுக்கு மாற்றுங்கள். அதைவிட நல்லது, கோலுக்கு ஒரு பத்தி, பாயிண்டுக்கு ஒரு பத்தி, மூன்றாவதில் கோலை மூன்றால் பெருக்கிப் பாயிண்டைக் கூட்டும் சூத்திரம்.

சமனான ஆட்டமும் மறு ஆட்டமும் தனித்தனி வரி. வாக்ஓவர் (எதிரணி வராததால் ஆடாமலே கிடைத்த வெற்றி) என்றால் ஸ்கோர்க் கட்டத்தைக் காலியாக விடுங்கள். 0-0 என்று போட்டால் பின்னாளில் யாராவது சராசரி எடுக்கும்போது அது ஆடிய ஆட்டமாகிவிடும்.

1979க்கு முந்தைய ஸ்கோரையும் பிந்தையதையும் ஒரே சராசரியில் போடாதீர்கள். காரணம் குறிப்பு 2இல் உள்ள மேல் கம்பி. 1999க்கும் அப்படியே.

வாசகர் கேள்வி | 14 செப்டம்பர்

கிளப் பெயர்கள் மாறுவதை எப்படிக் கையாள்வது? டப்ளின் பட்டியலைப் பார்த்தேன், ஒரே அணிபோல் தோன்றுவது இரண்டு பெயரில் வருகிறது.

குறிப்பு 9 | 14 செப்டம்பர்

நீங்கள் பார்த்தது ரயில்வே கிளப்பாக இருக்கும். கிரேட் சதர்ன் ரயில்வேஸ் நிறுவனம் 1945இல் சிஐஇ என்ற போக்குவரத்து நிறுவனத்துக்குள் வந்தது. கிளப்பின் பெயரும் கூடவே மாறியது. டப்ளினுக்கு 15 அகில அயர்லாந்துப் பதக்கம் வென்ற கேத்லீன் மில்ஸ் அந்த ரயில்வே கிளப்பின் ஆட்டக்காரி. இரண்டு பெயரையும் இரண்டு கிளப்பாக எண்ணினால் கணக்கு உடையும். ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு எண் கொடுங்கள். பெயர் மாறினாலும் எண் மாறாது. இரண்டு கிளப் ஒன்றாகச் சேர்ந்தால் புது எண், பழைய இரண்டின் குறிப்போடு.

எதிர்ப்பக்கத்துப் பொறியும் உண்டு: ஒரே பெயர், வெவ்வேறு கிளப். சார்ஸ்ஃபீல்ட்ஸ் கால்வேயிலும் உண்டு, கார்க்கிலும் உண்டு. கவுண்டி பெயரை ஒட்டாமல் எந்தக் கிளப்பையும் எழுதாதீர்கள்.

ஆட்டக்காரிகள் விஷயம் இன்னும் நுணுக்கம். கேத்லீன் மில்ஸ் பெயரில் உள்ள ஜூனியர் கோப்பை கேத்லீன் மில்ஸ்-ஹில் கோப்பை. ஆஞ்சலா டவுனி பிற்காலக் குறிப்புகளில் டவுனி-பிரவுன் என்று வருவார். திருமணத்துக்கு முன், பின் என்று பிரிந்தும், ஐரிஷ் வடிவில் ஒரு முறை ஆங்கில வடிவில் ஒரு முறை என்று எழுதியும், ஒருத்தியே செய்தித்தாளில் மூன்று பேராகிவிடுவாள். பெண்கள் விளையாட்டின் பதிவுகள் இப்படித்தான் சிதறிப்போயின. பட்டியல் தொகுப்பவர் இதில் காட்டும் பொறுமைதான் அந்த ஆட்டக்காரிகளுக்குச் செய்யும் மரியாதை.

குறிப்பு 10 | 17 செப்டம்பர்

2025 வரிக்குப் பக்கத்தில் எழுத வேண்டியது: பாவாடை விதி.

தொடக்க கால விதிகளில் வேண்டுமென்றே பாவாடையால் பந்தை நிறுத்துவது ஃபவுல். அந்த அளவுக்கு நீளமான உடை. பின்னாளில் உயரம் குறைந்தது, உள்ளே அரைக்கால்சட்டை தைத்த பாவாடை வந்தது, ஆனால் பாவாடை கட்டாயம் என்பது போகவில்லை. 1989 கார்க்குக்கு எதிரான ஃபைனலில் ஆஞ்சலா டவுனி மட்டையும் பாவாடையும் பறிபோன நிலையிலும் கையால் தட்டி கோல் போட்டதைக் கமோகி தெரிந்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

2025 மே 3, டப்ளின் - கில்கென்னி லென்ஸ்டர் அரையிறுதி. இரண்டு அணியும் ஷார்ட்ஸில் களமிறங்கின. மாற்றிவராவிட்டால் ஆட்டம் நடக்காது என்று சொல்லி மாற்ற வைத்தார்கள். கார்க் - வாட்டர்ஃபர்ட் மன்ஸ்டர் ஃபைனல் தள்ளிவைக்கப்பட்டது. மே 22 அன்று டப்ளின் குரோக் பார்க்கில் சிறப்பு மாநாடு கூடி, 98 சதவீத வாக்கில் ஷார்ட்ஸோ பாவாடையோ ஆட்டக்காரியின் விருப்பம் என்று விதியை மாற்றியது. 2025இன் கவுண்டி கிளப் சாம்பியன்ஷிப்தான் அந்த விருப்பத்தோடு நடந்த முதல் கிளப் சாம்பியன்ஷிப்.

நூறு ஆண்டுக்கு மேல் ஆடியவர்களிடம் கேட்காமல் வைத்திருந்த ஒரு விதி, ஆடியவர்களே எதிர்த்து நின்றதும் மூன்று வாரத்தில் போனது. முன்பே போயிருக்க வேண்டும்.

கேட்டவர் | 18 செப்டம்பர்

டிக்ஸ்பரோவை எங்கே வைப்பது? 2023 டிசம்பரில் அகில அயர்லாந்துக் கிளப் பட்டம். செயின்ட் பால்ஸ் வரிசையின் தொடர்ச்சியா?

குறிப்பு 11 | 18 செப்டம்பர்

தொடர்ச்சி அல்ல, தனி வரிசை. 15 பேர் ஆட்டம், முழு மைதானம், கவுண்டிப் பருவம் முடிந்தபின் கிளப் பருவம் என்று பிரித்த ஏற்பாட்டில் டிசம்பரிலேயே முடிந்த ஃபைனல். ஆகவே பருவம், ஆட்ட நாள் இரண்டு பத்தியிலும் 2023 என்றே வரும். கவுண்டி அணி 2016, 2020, 2022இல் வென்ற காலத்தை ஒட்டி வந்த கிளப் வெற்றி இது. செயின்ட் பால்ஸ் கவுண்டிக்கு முன்னே போனது, டிக்ஸ்பரோ கவுண்டிக்குப் பின்னே வந்தது.

செயின்ட் பால்ஸ், லிஸ்டவுனி, செயின்ட் லாக்டன்ஸ், டிக்ஸ்பரோ: கில்கென்னிக்கு இந்த நான்கு பெயரை முதலில் நிரப்பிவிடுங்கள். பிறகு 1971 முதல் 1973 வரையிலான மூன்று ஆண்டுகளைத் தோண்டுங்கள். நாட்டுப் பட்டம் 1971, 1972இல் டப்ளினின் ஆஸ்டின் ஸ்டாக்ஸுக்கும் 1973இல் ஓரன்மோருக்கும் போனது. அந்த மூன்று பருவத்தில் கில்கென்னிக்குள் ஃபைனலில் எதிரெதிரே நின்ற அணிகள் எவை, எத்தனை பாயிண்ட் வித்தியாசம் என்பது தெரிந்தால் 1974க்கான விளக்கத்தில் பாதி அங்கேயே இருக்கும். கில்கென்னி பீப்பிள் கோப்புகளில் ஆகஸ்ட் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் வரை பக்கம் பக்கமாகப் பாருங்கள், ஹர்லிங் செய்திகளுக்குக் கீழே, சின்ன எழுத்தில்.